சாமி படத்துக்கு மட்டும் ஸ்டார் ஸ்க்ரூ

என் டூல் பெட்டியில் ஒரு ஸ்டார் திருப்புளி கிடக்கிறது. ஒரு லாரிக்கு ஒரு முறைதான் அதற்கு வேலை. மற்ற நேரமெல்லாம் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி படுத்துக் கிடக்கும். அதை அப்படிப் படுக்க வைத்தவர் எங்கள் முதலாளியம்மா.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. கணவர் போன பிறகு அம்மாதான் நடத்தினார். அப்போதெல்லாம் கேபினுக்குள் எந்த ஸ்க்ரூ போடுவது என்பது அவரவர் இஷ்டம். சிலர் ஒற்றைக் கோடு போட்ட தலை, சிலர் ஸ்பேனர் பிடிக்கும் ஆறுபட்டைத் தலை, நான் ஸ்டார். நடுவில் கூட்டல் குறியோடு, தகட்டுக்குள் அமுங்கி நிற்கும் அழகு வேறு எதற்கு வரும்? எட்டாம் வகுப்போடு கணக்கு என்னைக் கைவிட்டது. கூட்டல் குறியை நான் விடவில்லை.

ஒரு நாள் எருமப்பட்டி டிரைவர் அண்ணன், நாங்கள் பாடி கட்டிய லாரியோடு வந்து நின்றார். ஃபியூஸ் பெட்டியின் மூடி பிய்ந்து தொங்கியது. லோடு போன இடத்தில், மலைப்பாதையில், மூடிக்குள்ளிருந்து புகை வந்திருக்கிறது. மூடியில் நான் போட்ட ஸ்டார் ஸ்க்ரூ. அவர் பையிலோ வெறும் ஸ்பேனர்கள். ஜாக்கி ராடால் நெம்பிப் பிய்த்து, ஒயரை வெறுங்கையால் இழுத்து அறுத்திருக்கிறார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா வண்டியோட நானும் வெந்திருப்பனுங்கம்மா."

அம்மா அவர் பையை வாங்கி என்னிடம் நீட்டினார். வேலை முடிந்து நின்ற புது கேபினைக் காட்டி, "இதுல இருக்கறத வெச்சு அந்த மூடியக் கழட்டு சாமி" என்றார். பையில் ஸ்பேனர்கள், கற்பூரம், ஒரு எலுமிச்சம்பழம்.

"எலுமிச்சம்பழத்துல எத்தனாம் நம்பருங்கம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. சில்லறைக் காசை வைத்துத் திருகினேன். வழுக்கியது. ஸ்பேனர் முனையைக் கொடுத்து நெம்பினேன். தகடு கீறியது. சட்டை நனைந்ததுதான் மிச்சம். "பொகை மூக்குல ஏறுது தம்பி" என்று பக்கத்தில் நின்று டிரைவர் அண்ணன் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"போதும், எறங்கு" என்றார் அம்மா. "இனி கேபினுக்கு ஆறுபட்டைத் தலை மட்டுந்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாத டிரைவர் கெடையாது."

"தலையெல்லாம் துருத்திக்கிட்டு, கேபினுக்கு அம்மை போட்டாப்புல இருக்குமுங்கம்மா."

"அம்மை போட்டாப் பொழச்சுக்கலாம்டா."

என் முகம் தொங்கியதைப் பார்த்தாரோ என்னவோ, போகும்போது திரும்பினார். "கண்ணாடிக்கு மேல சாமி படம் மாட்டறயே, அதுக்கு மட்டும் உன்ற ஸ்டாரப் போட்டுக்க. சாமிய யாரும் அவசரத்துல கழட்ட மாட்டாங்க."

அம்மா இப்போது இல்லை. மகன் நடத்துகிறார், ஆறுபட்டை மாறவில்லை. போன வாரம் அதே டிரைவர் அண்ணன் வந்தார். புகை வந்த பிறகு கேபின் முழுக்க ஆறுபட்டைக்கு மாற்றிக் கொடுத்த அந்த லாரியை அவர் முதலாளி விற்கிறாராம். சாமி படத்தை மட்டும் புது வண்டிக்குக் கொண்டு போக வேண்டும்.

"வண்டி பூராத்தையும் பத்தாம் நம்பர்ல கழட்டீரலாம் போல. இவரு மட்டும் அசைய மாட்டேங்கறாரு."

"அவசரமாங்கண்ணா?"

"இல்ல சாமி, மெதுவாவே கழட்டு."

படத்தைத் தாங்கிப் பிடித்த அவர் உள்ளங்கையில் பழைய தழும்பு மினுங்கியது. பெட்டியிலிருந்து மாப்பிள்ளையை எழுப்பினேன். மெதுவாகவே கழற்றினேன்.