உமிக் குவியலில் பிரேக் பிடித்த தலைவர்

1. ஒரே கேள்வி

வேலை கேட்டுப் போன முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"சைக்கிள் விடத் தெரியுமா?"

கேட்டவர் எங்கள் நெடுந்தூர சைக்கிள் சங்கத்தின் முதல் தலைவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் முனுசாமி என்றாலும் திருவண்ணாமலையில் எல்லாருக்கும் அவர் 'கார்டு ஐயா'. நான் பி.யு.சி. சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "டைப் அடிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கீழ சைக்கிள் நிக்குது பாரு, ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றார். போய்விட்டு வந்தேன், வேலை கிடைத்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தேரடிப் பக்கம் பாஷா பாயின் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, அதுதான் ஆபீஸ். நான் ஆபீஸ் செக்ரட்டரி. பெயர்தான் பெரிது. டைப் அடிப்பதிலிருந்து பம்ப் அடிப்பது வரை எல்லாம் நானே.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரிக்குப் போவோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் தலைவர் எவரோ அவர் எல்லாருக்கும் கடைசியில் வரவேண்டும். அவருடைய கேரியரில் பச்சைக் கொடி கட்டியிருக்கும். யாருக்காவது பஞ்சர் ஆனாலும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலும் தலைவர் அவரோடு நிற்பார். பின்னால் ஒருத்தர் வருகிறார் என்கிற தைரியத்தில்தான் வயதானவர்கள்கூட எங்களோடு கிளம்பினார்கள்.

"ரயில்ல கார்டு எங்க இருப்பான்? கடைசிப் பெட்டியில. அவன் வந்து சேந்தாத்தான் ரயில் வந்து சேந்ததா அர்த்தம்" என்பார் கார்டு ஐயா. அவர் கொண்டுவந்த வழக்கம் அது. அதில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

2. நாற்காலி

ஒரு கார்த்திகை மாதம் கார்டு ஐயாவின் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. இனி பெடலில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே கமிட்டியைக் கூட்டி, கடைசியில் வரமுடியாதவன் தலைவனாக இருக்கக் கூடாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். ஒருவர் பாஷா பாய். இன்னொருவர் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் ஜோதி. இரண்டு பேருமே தங்கமான மனிதர்கள். ஆனால் அந்தச் சில வாரங்கள் அவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள். மாஸ்டர் வந்தால் சங்கத்தைப் பள்ளிக்கூடமாக்கி விசில் ஊதுவார் என்றார் பாய். பாய் வந்தால் சங்கம் அவர் கடைக்குக் கிளை ஆகிவிடும் என்றார் மாஸ்டர். பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "அவரை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுப்பா" என்று என் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். கோபம் கோபமாக வந்தது எனக்கு.

அதோடு, மற்றவர் தலைவரானால் தன் ஆட்களோடு வெளியேறி வேறு சங்கம் ஆரம்பிப்பதாக இருவரும் தனித்தனியே என்னிடம் சொல்லிவிட்டார்கள். சங்கம் இரண்டானால் எனக்கு வேலை இல்லை. அதைவிட, ஒன்றாகப் போன கூட்டம் அதே ரோட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாகப் போவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

கார்டு ஐயா மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார். ரைஸ்மில் தெய்வசிகாமணி. ஒவ்வொரு பயணத்துக்கும் சாப்பாட்டு அரிசி கொடுப்பவர் அவர்தான். கமிட்டியில் பெயர் இருந்தாலும் கூட்டத்துக்கு எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் அதிகம் பேசமாட்டார்; மில் வேலையால் பயணத்துக்கு வந்ததே இல்லை. பாய்க்கும் மாஸ்டருக்கும் ஒருசேரப் பிடித்த ஆள். இருவரும் கை தூக்கினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கார்டு ஐயா பச்சைக் கொடியை அவர் கையில் கொடுத்தார்.

"நான் இன்னா செய்யணும்?" என்றார் புதுத் தலைவர்.

"எல்லாருக்கும் கடைசியில வரணும்."

"அவ்ளோதானே? வந்துட்டாப் போச்சு."

என்னிடம் முதல் நாளே கேட்ட கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிள் விடத் தெரியாத ஆண்பிள்ளை இந்த ஊரில் இருப்பான், அதுவும் எங்கள் கமிட்டியிலேயே இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

3. நெல் காயும் களம்

அவருடைய மில் வேங்கிக்காலில் இருந்தது. இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பக்கம் அப்போது வெறும் வயல்தான். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். மறுநாள் காலையில் தலைவர் என்னை அங்கே வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனதும் அறைக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, கடைசியில வரணும்னா ஜீப்புல வரணும்னு நெனச்சிகினேன். சைக்கிள்லயாமே?"

"ஆமாங்க."

"எனக்கு சைக்கிள் வராதுப்பா."

ஒரே பிள்ளை என்று அவருடைய அப்பா சைக்கிள் பக்கமே விடவில்லையாம். சின்ன வயதில் வில்வண்டி, பிறகு ஜீப். ராஜினாமா செய்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் எழுந்துட்டா அவுங்க ரெண்டு பேரும் மறுபடியும் முட்டிக்குவாங்க. சங்கம் ஒடஞ்சிடும். யாரையாவது இட்டுகினு வா, கத்துக்கறேன். வெளிய மட்டும் தெரியக் கூடாது" என்றார். அந்த வயதில், அந்த உடம்போடு அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

சைக்கிள் வேண்டுமென்றால் பாயிடம் போக வேண்டும். கற்றுக்கொடுக்க மாஸ்டரை விட்டால் ஆள் கிடையாது. இருவரிடமும் தனித்தனியே போய், மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இருவருமே வந்திருக்கமாட்டார்கள். காலையில் பாய் வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் மாஸ்டர் வருவார். "பாவம் மனுஷன், என்ன மட்டும் நம்பி ரகசியத்தைச் சொல்லியிருக்காரு" என்று இருவருமே என்னிடம் உருகினார்கள். நான் தலையை ஆட்டினேன், வேறென்ன செய்ய?

தலைவர் குள்ளம். பாய் கொண்டுவந்ததோ உயரமான வண்டி. சங்கத் தலைவர் சின்ன சைக்கிளில் போனால் நன்றாகவா இருக்கும் என்பது பாயின் வாதம். மில்லில் நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களத்தில் பயிற்சி நடந்தது. தலைவர் களத்து மேடையை ஒட்டி வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்வார். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நல்ல வேடிக்கை. அவர்களில் சரோஜா என்று ஒரு வாய்த்துடுக்கான பெண்.

"மொதலாளி, நெல்லு மேல ஏத்தாதீங்க. உமி அந்தாண்ட இருக்குது" என்பாள்.

களத்தின் ஓரத்தில் உமி மலைபோலக் கிடந்தது. அவர் வண்டியை நிறுத்துகிற இடமே அதுதான். நேராகப் போய் உமிக் குவியலில் முன்சக்கரத்தைச் சொருகுவார், சைக்கிள் நிற்கும், இவர் மெத்தையில் சாய்வதுபோலச் சாய்ந்து எழுந்து வருவார். தினமும் அப்படியே நடந்ததால், மனிதர் இன்னும் இறங்கக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பொங்கலுக்குள் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிரிவலப் பாதையில் ஒரு சுற்றுகூடப் போய்வந்தார். கிளம்பியதும் களத்தில், திரும்பி வந்து நின்றதும் உமியில். அதற்குப் பிறகுதான் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அரே, எறங்கவே சொல்லிக் குடுக்கலியேப்பா! பாண்டிச்சேரி ரோட்ல உமிக்கு எங்க போறது?"

இறங்கிப் பார்க்கச் சொன்னார். முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். நாளும் கம்மி. பயணத்தன்று பக்கத்திலேயே இருந்து பிடித்துக்கொள்கிறேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்தார். சாயந்திரம் மாஸ்டர் அதே வாக்கைக் கொடுத்தார். தலைவர் இருவருக்கும் சரி என்றாரே தவிர, என்னைப்போலவே ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை.

4. செஞ்சி டீக்கடை

விடிந்ததும் தேரடியில் இருந்து புறப்பட்டோம். கார்டு ஐயா சாப்பாட்டு லாரியில் முன்னால் போய்விட்டார். வழக்கமாகப் பாயும் மாஸ்டரும் யார் முதலில் என்று பறப்பார்கள். அன்றைக்கு இருவரும் ஆமை வேகம். கீழ்பென்னாத்தூரில் பாய், செயின் லூஸ் என்று இறங்கினார். கொஞ்சம் தள்ளி மாஸ்டர், கால் பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்தார். தலைவர் அவர்களுக்குப் பின்னால் பச்சைக் கொடியோடு வியர்த்து வழிந்து வந்துகொண்டிருந்தார்; அவர் கிட்டே வந்ததும் இருவருக்கும் எல்லாம் சரியாகிவிடும். தலைவரிடம் ஏதாவது குறை கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லத்தான் மற்றவர் பின்தங்குகிறார் என்று இருவருமே நினைத்தார்கள். என்னிடமே சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நடுக்கம். தலைவர் ரோட்டில் விழுந்தால் அன்றைக்கே கொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் சங்கம் எங்கே?

செஞ்சியில் டீக்கடை முன்னால் மொத்தக் கூட்டமும் நின்றது. பாயும் மாஸ்டரும் ஆளுக்கொரு ஓரமாக நின்றிருந்தார்கள். தலைவர் வந்தார். பெல்லை அடித்தார். நிற்காமல் கடையைத் தாண்டினார்.

"பாய்! மாஸ்டர்!"

இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். இருவரும் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவர் இந்தப் பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்தார், ஒருவர் அந்தப் பக்கம் கேரியரைப் பிடித்தார். தலைவர் ஒன்றும் நடக்காததுபோல இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார்.

"உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?" என்றார் பாய்.

பல வாரம் கழித்து அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் டீயில் ஈ விழுந்ததா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

கார்டு ஐயா லாரியில் இருந்து நொண்டிக்கொண்டு இறங்கி வந்து, இன்னாய்யா இது என்றார். தலைவர் மறைக்கவில்லை.

"ஐயா, எனக்கு ஓட்டத் தெரியும், எறங்கத் தெரியாது. இவுங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லன்னாலும் இந்தக் கொடி பாண்டிச்சேரி போய்ச் சேராது."

முதலில் மாஸ்டர் சிரித்தார். அப்புறம் பாய். அப்புறம் டீக்கடைக்காரர் உட்பட எல்லாரும்.

திண்டிவனம் தாண்டியதும் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. கடைசி வரிசையில் தலைவர் நடுவில், பாய் ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம். பேலன்ஸ் நான் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவரும், பெடல் நான் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவரும் பாண்டிச்சேரி வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தச் சண்டையைக் கேட்கக் காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

கார்டு ஐயாவிடம், என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியைத் தலைவரிடம் ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கே கேட்டேன். "தெரியாம இருக்கும்னு நான் கனவா கண்டேன்?" என்று எரிந்து விழுந்தார்.

5. அரை மணி நேர வேலை

தெய்வசிகாமணி எண்பதுகள் வரை தலைவராக இருந்தார். ஒவ்வொரு பயணத்திலும் அவர் இறங்குகிற இடத்தில் ஒரு பக்கம் பாய், ஒரு பக்கம் மாஸ்டர். வயதாகி அவர் விலகியபோது, பாய் மாஸ்டர் பெயரைச் சொன்னார், மாஸ்டர் பாய் பெயரைச் சொன்னார். கமிட்டி தவித்ததெல்லாம் யாராவது ஒருவரைச் சம்மதிக்கவைப்பதற்குத்தான்.

ஒருநாள் மாஸ்டரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு அரை மணி நேரத்தில் இறங்கக் கற்றுக்கொடுக்கிறவர், தலைவருக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொடுக்கவில்லை?

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்துக்குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு இந்தப் பக்கம் நிக்கணும், பாய் எதுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்?"

பாயிடமும் கேட்டேன். பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "அதையெல்லாம் நீ ஏன்ப்பா கிளறுற? விடு" என்றார்.

சங்கப் பொறுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தலைவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஏதாவது ஒன்று அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். பிடித்துக்கொள்ள இரண்டு பேர் ஓடி வருவார்கள்.