எட்டிய கையை எட்டவில்லை என்றவன்

ஒரு சிறுமியின் கை அவளுடைய காதை எட்டியது. எட்டவில்லை என்று நான் சொன்னேன்.

இதுதான் என் குற்றம். கொலையா, கொள்ளையா, இதற்குப் போய் ஒரு வாக்குமூலமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும்... முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் ஓராசிரியர் பள்ளிக்கு நான் வாத்தியாராக வந்தேன். ஒரே கூடம், ஒரே கரும்பலகை, ஐந்து வகுப்புகள். படித்தவர்கள் எல்லாரும் கழனியில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். பிறந்த தேதியை எந்த வீட்டிலும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். வயதுக்குக் கைதான் சான்று. வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள், சேர்த்துக்கொள்வோம். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா என்போம். உங்களில் பலரும் அப்படித் தொட்டுக் காட்டித்தான் பள்ளிக்குள் நுழைந்திருப்பீர்கள்.

ஊர்தோறும் பள்ளி திறந்த காலம் அது. மதியச் சோறும் போட்டார்கள். பிள்ளைகள் வந்து குவிந்தார்கள்... கற்பிக்கத்தான் ஆள் இல்லை! நாளிதழைப் பிரித்தால் மாநிலம் முழுவதும் ஆசிரியர் பற்றாக்குறை என்று செய்தி. ரயில் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து நானும் அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறேன், மற்றவர்களைவிட உரக்கவே!

ஆனால் என் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் வராமல் போனதற்கு அரசாங்கம் காரணமில்லை. நான்தான் காரணம்.

நாற்பது பெயர் சேர்ந்துவிட்டால் இன்னோர் ஆசிரியர் கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும். என் பதிவேடு முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. ஓராண்டா, ஈராண்டா... பதினாறு ஆண்டுகள்!

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். என் வீடு பொன்னேரியில். காலை ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் பள்ளிக்குப் போவேன். திரும்ப மதிய ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு மணிக்கே பள்ளியைப் பூட்ட வேண்டும். பூட்டினேன். கேட்க யாரும் இல்லை. இன்னொருவர் வந்துவிட்டால் நான்கு மணிவரை நானும் உட்கார வேண்டும். என் பூட்டும் சாவியும் அவர் கண்ணில் படும். அவ்வளவுதான் காரணம்... ஒரு ரயில்! வீட்டில் நோயாளி இருந்தார், அது இருந்தது, இது இருந்தது என்று சொல்லி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்கலாம். அப்படி எவரும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

பூங்காவனம் வந்தது ஒரு ஜூன் மாதத்தில். நாற்று நடும் ஏழுமலையின் ஒரே மகள். எண்ணெய் வழிய வாரிய தலை, புதுப் பாவாடை. ஏழுமலை அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான். என் பதிவேட்டில் அப்போது முப்பத்தொன்பது பெயர்கள்.

அவள் கையைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனாள். நடுவிரல் இடக் காதின் மேல் நன்றாகப் படிந்தது. எட்டிவிட்ட மகிழ்ச்சியில் அவள் சிரித்தாள்!

"தலையை நேரா வை" என்றேன். நேராக வைப்பதுபோல் என் இரண்டு விரலால் அவள் தலையை இடப் பக்கமாகச் சாய்த்தேன். காது விலகிப் போயிற்று. அவள் விரல்கள் காற்றில் தடவின.

"எட்டலையே" என்றேன்.

"இப்போ எட்டிச்சே அய்யா... நான் பாத்தனே" என்றான் ஏழுமலை.

"வாத்தியார் நீயா, நானா?"

அவன் தலை கவிழ்ந்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அய்யா. அடுத்த வருசம் இட்டுகினு வரேன்."

அடுத்த ஆண்டும் அழைத்து வந்தான். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்குவதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்தாள். அதே இரண்டு விரல்கள், அதே சாய்ப்பு. தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த மனிதன் இரண்டு முறை இதைச் செய்வானா? நான் செய்தேன். மூன்றாம் ஆண்டு அவர்கள் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அவள் ஒருத்தி மட்டுமா? இல்லை. இன்னும் பல பிள்ளைகளையும் இப்படித் திருப்பியிருக்கிறேன். அவர்களின் முகங்கள் மறந்துவிட்டன. இவள் முகத்தை மறக்கத்தான் விதியில்லை... காரணம் சொல்கிறேன்.

அதற்குமுன் இன்னொன்று. ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருமுறை கேட்டார், "கூடுதல் ஆசிரியர் வேண்டுமா? கேட்கும் பள்ளிகளின் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்புகிறோம்" என்று. "பற்றாக்குறைக் காலத்தில் எதற்கு ஐயா? நான் ஒருவனே சமாளிக்கிறேன்" என்றேன். அவர் நெகிழ்ந்து போனார்! பார்வைக் குறிப்பில் என்னைப் புகழ்ந்து எழுதினார். ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு ரோஜா மாலை! கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்களா? தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் கழனிகளுக்கு நடுவே கம்பெனிகள் எழுந்தன. நாற்று நட்ட கைகள் செங்கல் சுமந்தன, தரை கூட்டின. பள்ளிக்குப் பின்னால் ஒரு மதில் வந்தது. நான் மட்டும் அங்கேயே, என் முப்பத்தொன்பது பெயர்களோடு.

ஒருநாள் காலையில் ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் செருகிய சேலை, கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுச் சிறுமி. அவள் தன் பெயரைச் சொன்னாள்: பூங்காவனம்.

"கம்பெனில கூட்டற வேலை சார். அஞ்சாவது படிச்சதுக்கு ரெக்கார்டு ஷீட் கொண்டாந்தா பெர்மனெண்ட் பண்றேன்றாங்க. நான் ரெண்டு தபா இங்க வந்தேன். எம் பேரு எங்கனா எய்தி வெச்சிருக்கீங்களா, பாருங்க சார்."

பதிவேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். எதைத் தேடினேன் நான்? பிறகு சொன்னேன், "பதிவேட்டில் இல்லாத பெயருக்குச் சான்று கொடுக்க முடியாதம்மா. அது பொய்ச் சான்று ஆகிவிடும்."

கேட்டீர்களா? பொய்ச் சான்று! அவளை வெளியே நிறுத்தப் பொய் சொன்னவன், உள்ளே விடுவதற்குப் பொய் சொல்ல மாட்டானாம். அன்றைக்கு மட்டும் எனக்கு எங்கிருந்து வந்தது அந்த நேர்மை?

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"பரவால்ல சார், உங்க மேல இன்னா தப்பு? என் கைதான் குட்டை. எங்க நைனா சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு... கை மட்டும் எட்டியிருந்தா நீ இந்நேரம் டீச்சர் ஆயிருப்பேனு."

டீச்சர்! ஆளில்லை, ஆளில்லை என்று நாடே தேடிய டீச்சர்...

பிறகு மகளை முன்னால் தள்ளினாள். "இவளுக்கும் என் கை மாதிரி ஆயிடக் கூடாதுனு பொறந்ததுலேர்ந்து டெய்லி எண்ணெய் தடவிக் கைய இழுத்து இழுத்து உடறேன் சார். வலிக்குதுனு அய்வா... வுடமாட்டேன்."

சிறுமி கையைத் தூக்கினாள். அது காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டது. பூங்காவனம் மகளின் கையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டிச்சா சார்?"

"எட்டியது" என்றேன். நாற்பதாவது பெயரை எழுதினேன்.

அன்று மாலையே இரண்டாவது ஆசிரியர் கேட்டு மனு எழுதினேன். மதிய ரயிலையும் விட்டுவிட்டேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டீர்களா? நானும் சில மாதங்கள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பதில் வந்தது. இந்தப் பள்ளியைப் பல்லாண்டுகளாக ஓர் ஆசிரியரே திறம்பட நடத்தி வருவதாகப் பார்வைக் குறிப்புகள் கூறுகின்றன, பற்றாக்குறை நிலவுவதால் இப்போது கூடுதல் பணியிடத்துக்கு அவசியம் இல்லை என்று! என் சொல்லை எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது என்னைச் சுட்டிருந்தால் நியாயம். அந்த நாற்பது பிள்ளைகளையல்லவா சுடுகிறது?

இப்போது நான்கு மணிவரை இருக்கிறேன். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் இரைகின்றன. பூங்காவனத்தின் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளில் நான் அவள் பலகையைப் பார்ப்பது ஒருமுறை. சில நாட்களில் அதுவும் இல்லை. இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்... தன் பெயரில் பாதிதான் எழுதுகிறாள்.

நேற்றும் கம்பெனி வாசலில் பூங்காவனத்தைப் பார்த்தேன். இன்னும் தினக்கூலிதான். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

"நல்லா இருப்பீங்க சார். எம் பொண்ணுக்குப் பேரு எய்திக் குடுத்தீங்க."

வாயைத் திறந்தேன். உன் கை குட்டையில்லை அம்மா, அன்றைக்கே எட்டியது, நான்தான் உன் தலையைச் சாய்த்தேன்... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். உங்களிடம் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே! அவளிடம், "நேரமாகிறது, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலையும் அவள் மகளின் கையில் எண்ணெய் மினுமினுத்தது. மகள் பள்ளியில் சேர்ந்த பிறகும் பூங்காவனம் அந்தக் கையை இழுத்து விடுவதை நிறுத்தவில்லை.