சகலையின் டிரெய்லரும் பெல்ட் வண்டித் தடமும்

மழைக்கு முன்னால் கேம்பிங் டிரெய்லரில் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று உங்களில் நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். (புதிதாக வந்தவர்களுக்கு: காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற படுக்கை வண்டிதான் அது.) வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுவதைவிட ஒரு ராத்திரி வெளியே தங்கிப் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது, எங்கே இடிக்கிறது என்று வண்டியே சொல்லிவிடும். அதனால் புரட்டாசி முதல் சனி, ஞாயிறு பட்டுக்கோட்டையிலிருந்து சுவாமிமலை வழியாகக் குத்தாலம் போய்வந்தோம். போக 116 கிலோமீட்டர், வர அதே அளவு. டீசல் 2,150 ரூபாய்.

பட்டியல் போடத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. பிரபா ஒரு டிரெய்லர் கட்டி முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீதிப் பாதி அதுதான்.

பிரபா என் சகலை. என் மனைவி வசந்தியின் தங்கை சுமதியைக் கட்டியவர். சென்னையில் பிறந்து வளர்ந்து, ஏ.சி. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. என் டிரெய்லரை நானே கட்டினேன் என்று இதே பிளாக்கில் பன்னிரண்டு பதிவு எழுதிப் பீற்றிக்கொண்டவன். அவர் அந்தப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் படித்து, அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்து, எட்டே மாதத்தில் ஒன்றைக் கட்டிவிட்டார். எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சனிக்கிழமை காலை 5.45க்குக் கிளம்பினோம். டிரெய்லரோடு போகும்போது நாற்பத்தைந்துக்கு மேல் மிதிக்காதீர்கள்; வேகத்தடையில் பின்னால் இருக்கும் பாத்திரமெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். 48 கிலோமீட்டர் தாண்டித் தஞ்சாவூர் போய்ச் சேர 6.55. கால் மணி நேரம் காபிக்கு. அங்கிருந்து பாபநாசம் வழியாக 34 கிலோமீட்டர், சுவாமிமலையில் இறங்கும்போது மணி எட்டு. பிரபாவும் சுமதியும் முந்தின நாளே வந்து, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டியை இதுவரை எந்த ஊரிலும் இரண்டு பேருக்கு மேல் வேடிக்கை பார்த்ததில்லை.

"வாங்கண்ணே! எல்லாம் உங்க பிளாக்கைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்" என்றார் பிரபா. மனதாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை முழுசாக வெளியே சறுக்கி வருகிறது. இரண்டு அடுப்பு, ஒரு சின்ன சிங்க். நின்றபடியே சமைக்கலாம். என் வண்டியில் அடுப்பைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார வேண்டும். அவருடைய கூரையில் புழுக்கத்தை வெளியே தள்ள ஒரு ஃபேன். லித்தியம் பேட்டரி, பன்னிரண்டே கிலோ. நான் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து கழற்றிய ஐம்பத்தைந்து கிலோ பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இழுப்பறைகள் சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்கின்றன. நான்கு தடவை இழுத்து இழுத்து மூடிப் பார்த்தேன், ஒரு தடவையாவது இடிக்காதா என்று. இடிக்கவில்லை.

எதிர் டீக்கடைக்காரர் பிரபாவிடம், "இது வெளிநாட்டு வண்டிங்களா?" என்று கேட்டார். பிறகு என் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இதுல என்னங்க லோடு? தேங்காயா?"

சுமதி சிரித்தாள். பரவாயில்லை. வசந்தியும் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தச் சமையல் மேடையைக் கையால் தடவிக்கொண்டே, "நின்னுக்கிட்டே சமைக்கிறடி. எனக்கு ரெண்டு வருஷமா இடுப்பு ஒடியுது" என்றாள். இரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. ஓட்டலில் சாப்பிட்ட பொங்கலும் வடையும் நன்றாகத்தான் இருந்தன, நான்கு பேருக்கு 320 ரூபாய். எனக்குத்தான் இறங்கவில்லை.

9.45க்குக் கிளம்பி, கும்பகோணம் நெரிசலில் ஊர்ந்து, ஆடுதுறை தாண்டிக் குத்தாலம். 34 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊரிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் என்னோடு படித்த கதிரேசனின் நிலம். நான் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் பட்டுக்கோட்டை. கதிரேசன் வேலையாக மாயவரம் போயிருந்தான். "களத்துல போட்டுக்குங்க, சாயங்காலம் வந்துடுறேன்" என்று போனில் சொல்லியிருந்தான்.

களம் என்பது நெல் காயப்போடும் மேடு, கெட்டித் தரை. இரண்டு வண்டி தாராளமாக நிற்கும். நான் முதலில் போய் என்னுடையதை நட்ட நடுவில் நிறுத்தினேன். பிரபா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். களத்துக்குக் கீழே குறுவை அறுத்த வயல், அதை ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வயலின் மேல்மண் வெயிலில் வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அண்ணே, இங்க வாய்க்கால் ஓரமா நிறுத்தலாமா? தரை காஞ்சுதானே இருக்கு?"

இந்த இடத்தில் கொஞ்சம் விவசாயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அறுவடை மெஷின் இரண்டு வகை. காய்ந்த வயலில் இறங்குவது டயர் வண்டி. உள்ளே ஈரம் இருந்தால் டயர் புதைந்துவிடும். அப்போது ரப்பர் பட்டையில் ஓடுகிற பெல்ட் வண்டியைக் கூப்பிடுவோம். அதற்கு மணி வாடகை அதிகம், தேவையில்லாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த வயல் முழுக்க அகல அகலமாகப் பெல்ட் தடம் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும், மேலே காய்ந்தாலும் உள்ளே சேறு இளகிக் கிடக்கிறது என்று. போதாததற்கு நான் இறங்கிப் போய்க் குதிகாலால் அழுத்தியும் பார்த்தேன். குதிகால் ஒரு விரற்கடை இறங்கியது, அடியில் ஜில்லென்று இருந்தது.

பிரபாவுக்கு அது தெரிய வழியில்லை. வசந்தியும் சுமதியும் தென்னந்தோப்பு மண்ணில் வளர்ந்தவர்கள். அங்கே மழை பெய்த மறுநாளே லாரி உள்ளே போகும். தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நிறுத்துங்க சகல. காத்து நல்லா வரும்" என்றேன்.

மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை. புரட்டாசி என்பதால் மீன் கிடையாது; சுமதி நின்றபடியே சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் செய்தாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. இருபது நிமிடம்தான், ஆனால் கொட்டித் தீர்த்தது. என் கூரையில் இரண்டு ரிவெட் ஆணி வழியாகத் தண்ணீர் சொட்டி மெத்தை நனைந்தது. நனைந்த ஈரத்தில் பிளைவுட் கதவு உப்பி, சாத்த வரவில்லை. "வாங்கண்ணே, இங்க வந்துடுங்க" என்று பிரபா கூப்பிட, நான்கு பேரும் அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெளியே மழை கொட்ட, நனையாத வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் சுமதி பின்னால் போய் டீக்கு வைத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. கொதித்த டீ சட்டியோடு சரிந்து சுமதியின் பாதத்தில் கொட்டியது. அவள் அலறியதில் வாய்க்கால் ஓரத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. வசந்தி அவளைத் தூக்கிப் போய் வாய்க்கால் தண்ணீரில் அவள் காலை வைத்துப் பிடித்தாள். கொப்புளம் வரவில்லை, சிவந்ததோடு போனது. ஆனால் அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் எனக்கு நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

பிரபா காரை மாட்டி இழுத்துப் பார்த்தார். காரும் புதைந்தது. அச்சு வரை இறங்கிய டிரெய்லரின் பாரத்தில் சமையல் மேடை வளைந்து, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. ஐந்து மணிக்குக் கதிரேசன் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டரோடு வந்தான். இறங்கியதும் முதலில் வயலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"பெல்ட் தடம் கிடக்குதேடா. நீ பார்க்கலயா?"

"கவனிக்கலப்பா" என்றேன்.

"நீயா கவனிக்கல?" என்றான். சங்கிலி போட்டு இழுத்ததில் டிரெய்லர் வெளியே வந்தது. ஒரு பக்கத் தகடு கிழிந்து, முன்னால் இழுக்கும் கம்பியும் கொஞ்சம் கோணிப்போனது. சேறு அப்பிய பேன்ட்டோடு களத்தில் உட்கார்ந்தார் பிரபா.

"என் தப்புதாண்ணே. கண்டதையும் வெச்சு வெயிட்ட ஏத்திட்டேன். நீங்க பாருங்க, கரெக்டா லேசா கட்டியிருக்கீங்க. அனுபவம் அனுபவம்தான்."

அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டோம்.

பத்து நாள் கழித்துப் பிரபா போன் செய்தார். டிரெய்லரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். சுமதி அதில் ஏறவே பயப்படுகிறாளாம். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலண்ணே. நீங்களே எடுத்துக்குங்க. சாமான் வாங்கின விலையில பாதி குடுத்தாப் போதும்."

வசந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அன்றைக்கே கடைக்குப் பின்னால் ஷெட்டை அளந்தேன். நான்கு நாள் ஒரு நோட்டில் திட்டம் போட்டேன்: கிழிந்த தகட்டுக்கு எந்த கேஜ் கனம், கோணிய கம்பிக்கு என்ன அளவு இரும்புச் சேனல், என் பழைய வண்டியை யாரிடம் தள்ளிவிடுவது. எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் விலை பேச நானே கூப்பிட்டேன். பேசி முடித்துவிட்டு அவர் கேட்டார்:

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. நான் கட்டினதுல எங்க தப்பு? நீங்க தொழில் தெரிஞ்சவரு. இனிமே இந்த மாதிரி எதுலயும் கை வைக்கப் போறதில்ல, இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கிறேன்."

ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். அச்சு மெலிசு என்று சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் நன்றாக ஓடுகிற மோட்டாரைக் காயில் எரிந்துபோச்சு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வாய் வரவில்லை.

"வண்டில ஒரு தப்பும் இல்ல சகல. தரைதான் ஈரம்."

"அது யாருக்குத் தெரியும்ணே, மேல காஞ்சுதானே இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நீங்க நிறுத்தலாமான்னு கேட்டப்பவே. உங்க வண்டியப் பார்த்து வயிறெரிஞ்சு போயிருந்தேன். அதான் சொல்லல."

"சுமதி கால்ல டீ கொட்டிச்சே" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை. வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அடைமழைக்கு முன்னால் கூரை ரிவெட் ஒவ்வொன்றையும் சுரண்டித் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி அதன்மேல் சிலிகான் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பிடிக்காது. நான் போன வருடம் ஈரத்தோடு வைத்ததால்தான் இப்போது ஒழுகியது. பிளைவுட் கதவின் நான்கு விளிம்பையும் மூன்று மில்லிமீட்டர் இழைத்து வார்னிஷ் அடியுங்கள். மார்கழியில் உள்பக்கம் வியர்த்து மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்; மெத்தைக்குக் கீழே மரச்சட்டம் கொடுத்து, ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துப் படுங்கள். கூரை ஃபேனும் வெள்ளைப் பெயின்ட்டும் பங்குனிக்குள் முடிந்துவிட வேண்டும். ஆடிக் காற்றுக்கு வண்டல் மண்ணில் முளை அடித்தால் நிற்காது, வண்டி வாசலில் இழுத்துக் கட்டும் பந்தல் துணிக்கு மணல் மூட்டை கட்டுங்கள். சமையல் மேடை பிரபா செய்த மாதிரியே செய்யுங்கள், அதைவிட நல்லதாக நான் பார்த்ததில்லை. ஆர்.டி.ஓ. பதிவு இல்லாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். டெல்டாவுக்கு வந்தால் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு அடி நீளப் பலகை நான்கு எடுத்து வாருங்கள். முக்கியமாக, இடம் காட்டுகிறவர் தன் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள்.

இந்தப் பதிவைப் போடலாமா என்று கேட்டுப் இதுவரை எழுதியதைப் பிரபாவுக்கு முழுசாக அனுப்பினேன். சுமதிதான் வசந்திக்கு எழுதினாள்: "போடச் சொல்லுக்கா. எல்லாரும் படிக்கட்டும்." கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தாள். விற்பனை ரத்து. பிரபா பழைய அச்சை மாற்றி அகலமான டயர் மாட்டியிருக்கிறார், முன்கம்பியைத் தானே வெல்டிங் அடித்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கி அந்த வெல்டிங்கைப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே சீர். நான் அடித்தால் அவ்வளவு சுத்தமாக வராது. மறுபடியும் வயிறு எரிந்தது, கொஞ்சமும் குறையாமல்.

"வெல்டிங் என்னைவிட நல்லா அடிச்சிருக்கீங்க சகல" என்று பிரபாவுக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு நீல டிக் வந்துவிட்டது. நேற்றோடு ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை.