ரொட்டி பாய்க்கு எழுதத் தெரியாது

மலாயாவில் ஜொகூரின் காஹாங் வட்டாரத்தில் சைக்கிளில் ரொட்டி விற்ற நைனா முகம்மதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் ஊரே நம்பியது. தொண்டியிலிருந்து மனைவி பரக்கத் நிஷா போடும் கடிதத்தை மளிகைக் கடைக்காரரிடம் நீட்டிப் படித்துக் காட்டச் சொல்வார். பதிலையும் அவரையே எழுத வைப்பார். பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு என்ன சொல்லிவிட முடியும்? நலம், நலமறிய ஆவல். நாலு வருஷமாக அந்த அம்மாளுக்கு வந்ததெல்லாம் அவ்வளவுதான்.

உண்மை என்னவென்றால், ஜொகூரில் ரொட்டி விற்றவர்களில் அவரைப் போல எழுதத் தெரிந்தவர் இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் 786 என்று போட்டுவிட்டுத்தான் தொடங்குவார். தம் மார்க்கத்து வழக்கம் அது. ரொட்டிப் பெட்டியின் மூடியிலும் வெள்ளைப் பெயிண்டால் அதே எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார், அது தெப்ராவ் பக்கம் வியாபாரம் செய்த காலத்தில். காஹாங்குக்கு வந்தபோது அந்தப் பெட்டியின் மூடியில் வெறும் சுரண்டல்தான் இருந்தது.

தெப்ராவில் அவர் போய்வந்த ரப்பர்த் தோட்டங்களில் பெரியது, ஒத்தப்பாலத் தோட்டம். ஆற்றின் குறுக்கே ஒற்றை மரம் போட்டிருந்ததால் நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாது. வெட்டிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் மதிய வேளையில் நைனாவின் ஹாரன் சத்தம் கேட்கும். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குப் பல் வலி, யாருக்கு ஓரம் தீய்ந்த ரொட்டி பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. யாராவது, "எப்படி பாய் எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த நாளில் ஜொகூர் பாருவில் ஒரு வக்கீல் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் மூர்த்தி. இந்தியர் நலச் சபை என்று ஒன்றை நாலைந்து பேராகச் சேர்ந்து நடத்தினார்கள். அதற்கு அவர்தான் செக்கரட்டரி. நன்றாகப் பேசுவார். கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினாலும் ரொட்டிக்காரனுக்கும் புரிகிற மாதிரி பேசுவார். அரசாங்க சபையில் துரைமாருக்காகப் பேச ஆள் இருக்கிறது, பால் வெட்டுகிறவனுக்காகப் பேச நாதியில்லை. நமக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதில் உட்காருகிறவனைத் துரை பொறுக்கி எடுக்கக் கூடாது, நாம்தான் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் பேருடைய விரல் ரேகையோடு ஒரு மனு போட்டால் அரசாங்கம் அசைந்துதான் ஆக வேண்டும். இதுதான் அவர் பேச்சின் சாரம். நைனா இதை முதல் தடவை கேட்ட அன்றைக்கு ரொட்டிப் பெட்டியை மூடக்கூட மறந்து நின்றிருந்தார்.

சபைக்காரர்கள் வந்தால் தோட்டத்துக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ரொட்டிக்கு எல்லாக் கேட்டும் திறக்கும். ஆகவே மனுத்தாள் ரொட்டிக்கு அடியில், மெழுகுத் துணிக்குள் பயணம் செய்தது. ஒத்தப்பாலத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் பேரைக் கூட்டி, மூர்த்தியின் பேச்சைத் தன் வாயால் திரும்பச் சொன்னார் நைனா.

முதலில் வாய் திறந்தவள் அங்கம்மா. முப்பத்தைந்து வயசு. புருஷனை மலேரியா கொண்டுபோய் ஆறு வருஷம். இரண்டு பெண் பிள்ளைகளோடு லயத்தின் கடைசி வீட்டில் இருந்தாள். அவளுக்கு இந்தச் சீமையில் இருந்ததெல்லாம் அந்த வீடும் அந்த வெட்டுக் கத்தியும்தான். வேலை போனால் வீடும் போகும். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"நாங்க கை தூக்கினா, அந்த ஆளு எங்களுக்காகப் பேசுவானா பாய்?"

"பேசலைன்னா அடுத்த தடவை வேற ஆளுக்குக் கை தூக்குங்க. அதான் இதுல இருக்கிற விசயமே."

அங்கம்மா சிரித்தாள். "கங்காணியையும் அப்படி மாத்தலாமா?"

"அதுக்கு இன்னொரு மனு போடலாம்லா!"

கூட்டமே சிரித்தது. ஆனால் விரல் வைக்க வேண்டிய நேரம் வந்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். வரிசையில் முதலில் இருக்கிறவன்தான் தலைவன் என்று துரை பிடித்துக்கொள்வானே என்று, கங்காணிக்குக் கீழே ஆள் மேய்க்கும் தண்டல் ஐயாசாமி முணுமுணுத்தார். அப்போதும் அங்கம்மாதான் வழி சொன்னாள்.

"எதுக்கு வரிசையா வைக்கணும்? வட்டமா வைப்போம். கும்மியடிக்கிறோமே, அதுல முதல் ஆளு யாரு, கடைசி ஆளு யாரு?"

அப்படியே வைத்தார்கள். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, பால் கறை படிந்த கட்டைவிரலை முக்கி, தாளின் நடுவில் எழுதியிருந்த மனுவைச் சுற்றி வட்டமாக வைத்தார்கள். நாற்பத்தேழு விரல்கள். பெயர் எதுவும் இல்லை. அங்கம்மாவின் விரலில் குறுக்கே ஒரு கத்திக் கீறல் இருந்தது. ஐயாசாமிக்கு வலது கட்டைவிரல் பாதிதான், அதனால் இடதை வைத்தார். எல்லாம் முடிந்ததும் அங்கம்மா கேட்டாள்.

"பாய், எங்க பேரு வெளியே வராதுல்ல?"

"அல்லா மேல ஆணை. வராது."

அவர் அந்த நிமிஷத்தில் அதை மனசாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக் கடை. பாய்க்கு அவரே காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அருமையான வேலை பாய். ஆனா இது வெறும் கரிக்கறைன்னு சொல்லிட்டா? ஒரே ஆளு நாப்பத்தேழு தடவை வச்சான்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது? எது யாரு விரல்னு ஒரு குறிப்பு இருந்தா நல்லது. மனுவோட போகாது. எங்கிட்டத்தானே இருக்கப் போகுது."

நைனா தயங்கினார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் ஐயா என்றார். மூர்த்தி வற்புறுத்தவே இல்லை. வற்புறுத்தியிருந்தால் நைனா எழுந்து வந்திருப்பார். மூர்த்தி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்:

"அதுவும் சரிதான். விட்டுடுங்க. நாப்பத்தேழு பேரை யாரால ஞாபகம் வச்சிருக்க முடியும்?"

நைனா முகம்மது பேனாவை வாங்கினார்.

வேறொரு தாளின் தலையில் 786 போட்டார். பிறகு வட்டத்தைச் சுற்றி விரல் விரலாக வந்தார். பெயர், புருஷன் பெயர் அல்லது தகப்பன் பெயர், லயத்தில் எத்தனையாவது வீடு. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. எங்கேயாவது தொடங்க வேண்டுமே என்று அந்தக் கத்திக் கீறல் விழுந்த விரலில் தொடங்கினார். அதனால் முதல் பெயர் அங்கம்மா.

"என்ன கையெழுத்து பாய்! நீங்க ரொட்டி விக்கிற ஆளே இல்ல" என்றார் மூர்த்தி. அன்றைக்கு நைனா தெப்ராவ் வரைக்கும் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

மூன்று மாதம் கழித்து வெற்றி வந்தது. ஆமாம், வெற்றிதான். இந்தியர் காரியங்களைச் சொல்வதற்கென்று ஓர் ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் கிடைத்தது. கை தூக்குவதெல்லாம் கிடையாது, நியமனம். நியமிக்கப்பட்டவர் திரு. மூர்த்தி. டவுனில் மாலை போட்டார்கள், சர்பத் கொடுத்தார்கள். நைனாவுக்கு நெஞ்சில் எங்கோ உறுத்தியது. இருந்தாலும், நம்ம ஆள்தானே, உள்ளே போய் மீதியை வாங்கிக் கொடுப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒத்தப்பாலத்துக்குப் போய் இந்த நல்ல சேதியைச் சொல்லக்கூடச் செய்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மதியம், வழக்கம் போல லயத்துக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார். பிள்ளைகள்கூட ஓடி வரவில்லை. பாதி வீடுகளின் கதவு திறந்து கிடக்க, உள்ளே பானை சட்டி மூட்டையாகக் கட்டியிருந்தது. கடைசி வீட்டிலிருந்து அங்கம்மா வந்தாள். மூத்த பெண் தலையில் பாய்ச்சுருள்.

"அலமாக்! என்ன இது அங்கம்மா?"

"காலையில பெரட்டுக்கு ஆளுங்களை நிறுத்தினப்ப தோட்டத்துக் கிராணி பேரு வாசிச்சாரு. நாப்பத்தேழு பேரு. நாளைக்குள்ள லயத்தைக் காலி பண்ணணுமாம். ஊருக்குக் கப்பல் ஏத்துறாங்களாம். முதல் பேரு என்னுது."

நைனா, வட்டத்தில் முதல் பெயர் ஏது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு எழுத்துத் தெரியாது பாய்" என்றாள் அங்கம்மா. "ஆனா கிராணி கையில இருந்த காகிதத்தைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். அது மண்டையில இது இருந்துச்சு." கட்டைவிரலால் ரொட்டிப் பெட்டியின் மூடியைத் தொட்டுக் காட்டினாள். "தினம் பார்க்கிறேனே, இது தெரியாதா எனக்கு?"

அவர் மூடியைக் கையால் மறைத்தார்.

"அடிச்சுக் கேட்டாங்களா பாய்?"

"இல்ல."

"காசு குடுத்தாங்களா?"

"அல்லாவே! இல்ல."

"பின்ன?"

அடித்தார்கள் என்றால் அவள் மன்னித்திருப்பாள். காசு என்றால் காறித் துப்பிவிட்டாவது போயிருப்பாள். உங்கள் எல்லார் பேரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று காட்டத்தான் எழுதினேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் பாலத்தின் பக்கம் நடந்தாள். ஐயாசாமி கடந்து போகும்போது இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நைனா நேரே ஜொகூர் பாருவுக்கு மிதித்தார். விற்காத ரொட்டி பெட்டியில் குலுங்கிக்கொண்டே வந்தது. மூர்த்தி புது மேசைக்குப் பின்னால் இருந்தார். கோபப்படவில்லை, மறைக்கவும் இல்லை.

"துரைமாரு கேட்டாங்க, குடுத்தேன். நாற்காலி சும்மா வருமா? நான் உள்ளே போனாத்தானே இவங்களுக்கு ஏதாவது செய்ய முடியும்? அஞ்சாறு மாசம் போகட்டும், எல்லாம் சரியாயிடும்."

"ஐயா, அவங்க நாளைக்குக் கப்பல்ல இருப்பாங்க."

மூர்த்தி கொஞ்சம் முகம் சுளித்தார். "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? எழுதினது நான் இல்லையே பாய்."

இதைக் கேட்டபோது நைனாவுக்கு மூர்த்தியின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிடப் பலமாகத் தன் வலது கையை எங்காவது வெட்டிப் போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வெளியே வந்து, ஒரு கல்லை எடுத்து, நடுத்தெருவில் உட்கார்ந்து பெட்டியின் மூடியைச் சுரண்டினார். மறு மாதம் காஹாங்குக்குப் போய்விட்டார். அங்கே அவர் ரொட்டி கொண்டுபோகும் வீடுகளில் யாருடைய பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயரைக் கேட்டால் மறக்க முடியாதே, அந்தப் பயம்.

1938இல் காஹாங்கிலும் அந்தப் பேச்சு வந்தது. தொழிலாளர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மறுபடி ஒரு மனு. தாளைச் சுமந்து அலைந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மணியம். நல்ல மனுஷன். காசுக்கோ பதவிக்கோ ஆசைப்படாதவர் என்று எல்லாருமே சொல்வார்கள். ஒரு காலைப் பொழுதில் காப்பிக் கடை வாசலில் நைனாவை மறித்தார்.

"உங்களை மாதிரி எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காகத்தான் பாய் இது. ஒரு விரல் வைங்க."

நைனா தாளைப் பார்த்தார். விரல்கள். எங்கோ ஒரு விரலில் கத்திக் கீறல் இருக்குமோ என்று கண் தேடியது. பிறகு மையில் முக்கி, ஓரமாகத் தன் விரலையும் வைத்தார். ஏன் வைத்தார் என்று கேட்டால், அந்த மனு சரியானது, அதனால்தான். ஆட்கள் ஏமாற்றினார்கள் என்பதால் கேட்டது தப்பாகிவிடாது என்று அவர் இத்தனைக்குப் பிறகும் நம்பினார்.

அவர் சைக்கிளைத் தள்ளத் தொடங்கும்போது மணியம் பேனாவை எடுத்து, அந்த விரலுக்குக் கீழே எழுதினார். நைனா தலைகீழாகவே படித்தார்: நைனா முகம்மது, ரொட்டிக்காரர், காஹாங். அப்போதுதான் பார்த்தார், எல்லா விரலுக்குக் கீழேயும் பெயர் இருந்தது. வீட்டு எண்கூட இருந்தது.

"அந்தப் பேரையெல்லாம் அடிச்சுடுங்க டிரெசரய்யா."

மணியம் நிமிர்ந்தார். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"அடிச்சுடுங்க."

"எதுக்கு பாய்? எங்கிட்டத்தானே இருக்கப் போகுது."

நைனா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அன்றைக்கு ரொட்டி விற்கப் போகவில்லை. காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை மணியத்திடம் சொன்னார். ஒத்தப்பாலம், தண்ணீர்க் குழாய், காப்பி, பேனா, 786 எல்லாம். நாற்பத்தேழு பெயரையும் வட்டத்தில் இருந்த வரிசைப்படியே சொன்னார். "பின்ன?" என்று அங்கம்மா கேட்ட கடைசிக் கேள்விக்கு நாலு வருஷம் கழித்துப் பதிலும் சொன்னார்.

மணியம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கண்கூடக் கலங்கினார். பாயின் கையைப் பிடித்து, "அந்த மூர்த்தி எல்லாம் ஒரு மனுஷனா பாய்? நான் அப்படி இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். தாளைப் பத்திரமாக நாலாக மடித்து, ஒரு பெயரும் அடிக்காமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.