பர்வீன் பக்கத்தில் இருந்த பட்டிமன்றம்

இன்று காலை மகள் கயலின் நோட்டுகளுக்கு அட்டை போட உட்கார்ந்தேன். எல்.கே.ஜி.க்கு இரண்டே நோட்டுதான். நான் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அட்டை போடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அம்மா வீட்டுப் பரணிலிருந்து கொண்டுவந்த பழைய ஷீட்டை விரித்ததும் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்துவிட்டது. சிவகாசியில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள், புதுப் புத்தகத்தின் மணத்தைப் பத்து மடங்காக்கி அதில் கொஞ்சம் தலைவலியையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஷீட் முழுக்கப் பட்டாசு லேபிள்கள். ஒவ்வொன்றிலும் தீப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்த அமெரிக்கச் சுதந்திர தேவி. நான் ஷீட்டைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்தேன். மடித்து முடித்த பிறகுதான் ஏன் திருப்பினேன் என்று யோசித்தேன். எல்.கே.ஜி. நோட்டை எந்தத் தூதரகம் வந்து பார்க்கப்போகிறது?

காரணம் இருக்கிறது. என் கணவர் வேலைக்காக அமெரிக்காவில் ஒஹையோவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நானும் கயலும் விருதுநகரில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். கயலுக்கு அப்பா என்றால் காலையில் செல்போனில் வருகிற முகம். அவள் திரைக்கு முத்தம் கொடுப்பாள், நான் திரையைத் துடைப்பேன். அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் சென்னையில் விசா நேர்காணல். விசா வந்தால் இந்த நோட்டுகளுக்கு வேலை இல்லை. வராவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் தயாராக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். எதற்கும் தயாராக இல்லை என்பதுதான் உண்மை.

என் அப்பா ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். புது லேபிளை மெஷினில் ஏற்றினால் முதலில் வருகிற ஷீட்டுகளில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். “கலர் சேரல” என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கிய ஷீட்டுகள்தான் எங்கள் தெருப் பிள்ளைகளின் புத்தக அட்டை. கலர் சேராத மயில், கலர் சேராத ரயில். என் சமூக அறிவியல் நோட்டில் இருந்தவள் இந்தச் சுதந்திர தேவி. அவளுக்கு இரண்டு மூக்கு. தீப்பந்தத்தின் நெருப்பு தனியாகக் கழன்று பக்கத்தில் பறந்துகொண்டிருக்கும். அமெரிக்கா என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் தோன்றுவது அந்த இரண்டாவது மூக்குதான். நம் ஊர் வெடிக்கு எதற்கு அந்த ஊர்ப் பொம்பளை படம் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

“ஆர்டர் குடுத்தாக, அடிக்கோம். அம்புட்டுத்தான்” என்றார்.

அமெரிக்க வெளியுறவு பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே உரையாடல் அதுதான். அதனால்தானோ என்னவோ, கல்லூரியில் அந்தத் தலைப்பு வந்தபோது பயந்துபோய் நூலகத்துக்கு ஓடினேன்.

விருதுநகரில் பெண்கள் கல்லூரி. சிவகாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவோம். நாங்கள் என்றால் நானும் பர்வீனும். பர்வீனுடைய அத்தா அச்சகங்களுக்குப் பேப்பர் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் விற்ற பேப்பரில்தான் என் அப்பா அச்சடித்தார், அதனால் நாங்கள் ஒருவகையில் உறவு என்று அவள் சொல்வாள். கல்லூரி நாள் பட்டிமன்றத்துக்கு வரலாற்று மிஸ் கொடுத்த தலைப்பு, ‘அமெரிக்க வெளியுறவுக் கொள்கை ஏகாதிபத்தியமே, அல்லவே’. யாருக்கு எந்தப் பக்கம் என்று டிபன் டப்பாவுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ‘ஏகாதிபத்தியமே’ வந்தது. பர்வீனுக்கு ‘அல்லவே’.

“மிஸ், நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிடவா?” என்று பர்வீன் கேட்டாள்.

“மாத்திக்கிட அது என்ன சேலையா? வந்ததப் பேசுங்க” என்று மிஸ் டப்பாவை மூடிவிட்டார்.

எனக்கென்று ஒரு கட்சி இருந்திருந்தால் கவலைப்பட்டதில் நியாயம் இருந்திருக்கும். ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்டால் பக்கத்து இலையைப் பார்க்கிறவள் நான். பர்வீன் அப்படியில்லை. அவள் எந்தப் பக்கம் பேசினாலும் அது பிறந்ததிலிருந்தே அவளுடைய பக்கம் மாதிரி இருக்கும்.

பஸ்தான் எங்கள் ஒத்திகை மேடை. நான் வியட்நாம், ஈராக் என்று நூலகத்தில் எழுதிவந்ததை வாசிப்பேன். ஊர் ஊராக ராணுவ முகாம் வைத்திருக்கிறானே, அது எதற்கு என்பேன். பர்வீன் சன்னலோரத்தில் கடலை தின்றுகொண்டே வெட்டுவாள். “வெள்ளக்காரன் வந்தான், வரி வாங்குனான், இருந்துக்கிட்டான். இவன் வாறான், சண்ட போடுறான், நட்டப்பட்டுக் கெளம்பிப் போறான். கெளம்பிப் போறவன் எப்படிடி பேரரசன்?” நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். கண்டக்டர், “அமெரிக்காவுக்கு இந்த வண்டி போகாது தாயி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் திரும்பும்போது ஆமத்தூரில் ஒரு அக்கா ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. நகக்கண்ணிலும் காதோர முடியிலும் வெள்ளிப் பொடி மினுங்கியது. கொஞ்ச நேரம் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, “அந்த அமெரிக்காக்காரன் நம்ம பக்கம் வந்துருக்கானா?” என்று கேட்டார்.

“வரலக்கா. அதத்தான் நானுஞ் சொல்றேன்” என்றாள் பர்வீன். “வராதவனப் போயி ராசாங்கா இவ.”

அக்கா சிரித்தார். “அப்படிச் சொல்லாத. எங்க மொதலாளியுந்தான் ஷெட்டுப் பக்கம் வாறதே இல்ல. நான் அவுகள ரெண்டு தடவதான் பாத்துருக்கேன். ஆனா அவுக வாறாகன்னு யாராச்சும் சும்மா சொன்னாப் போதும், நாங்க அம்புட்டுப் பேரும் பேச்ச நிறுத்திருவோம்.”

பர்வீன் கடலை மெல்லுவதை நிறுத்தினாள். கல்லூரி நோட்டுக்கும் அந்தச் சுதந்திர தேவி ஷீட்டைத்தான் அட்டை போட்டிருந்தேன். நான் நோட்டைத் திறந்து, இரண்டு மூக்கு அம்மாளின் முதுகுப்புறத்தில் அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பட்டிமன்றத்தில் பர்வீன் முதலில் பேசினாள். அவளுடைய மாமு குவைத்தில் வேலை பார்த்தவர். அங்கே சண்டை வந்தபோது ஒரே ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தவர். “குவைத்துக்குள்ள பூந்தது அமெரிக்காவா? பக்கத்து நாட்டுக்காரன். அவன வெளியேத்துனது யாரு?” என்று அவள் கேட்டாள். அதே மாமு, பின்னால் ஈராக்கில் குண்டு விழுகிற செய்தியைப் பார்க்க முடியாமல் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றதையும் பர்வீன் பஸ்ஸில் எனக்குச் சொல்லியிருந்தாள். மேடையில் சொல்லவில்லை. அது என் பக்கத்துக்கான கதை. நான் எடுத்துப் பேசியிருக்கலாம். அவள் வீட்டுக் கதை என்று விட்டுவிட்டேன். விட்டது சரிதானா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

கடைசியில் அவள் என் நோட்டு அட்டையை வம்புக்கு இழுத்தாள். “எதிரணித் தோழி அட்டையில இருக்க அமெரிக்க அம்மாவப் பாருங்க. அந்தம்மாவ நம்ம ஊர்ல அச்சடிச்சு, நம்ம ஊர்ல ஒட்டி, தீவாளிக்கு நாமதான் திரியப் பத்தவைக்கோம். இதுல யாரு யாருக்கு அடிமை?” கைதட்டல் ஓயவே இல்லை.

அடுத்து நான். எழுதிவைத்த தாள் வியர்வையில் நனைந்து, ஈராக் இருந்த வரி அழிந்துபோயிருந்தது. அதனால் தாளை விட்டுவிட்டு, ஒரு விரலைத் தூக்கி, அக்கா சொன்னதைச் சொன்னேன். “கோட்டை கட்ட வேண்டாம். கொடி ஏற்ற வேண்டாம். அவன் வரவே வேண்டாம். வருவான் என்ற நினைப்பிலேயே நாம் வாயை மூடிக்கொண்டால், அதுதான் ஏகாதிபத்தியம்.”

முதல் பரிசு எனக்கு. பெரிய ஹாட்பாக்ஸ். பர்வீனுக்குச் சின்ன ஹாட்பாக்ஸ். ஆமத்தூர் அக்காவுக்கு எதுவும் இல்லை. அவருடைய பெயரைக்கூட நான் மேடையில் சொல்லவில்லை, ஏனென்றால் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய ஹாட்பாக்ஸில்தான் இன்றும் அத்தைக்குச் சப்பாத்தி வைக்கிறேன்.

வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் இருவர் பேச்சையும் பர்வீனின் போனில் வீடியோ எடுத்திருந்தாள். பர்வீன் அதை என் பெயரையும் சேர்த்துத் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டாள். மேலே, ‘ரெண்டு சிங்கம், ஒரு அமெரிக்கா’ என்று எழுதியிருந்தாள். அவ்வளவு வருடமும் அது அங்கேயே இருந்தது. கல்லூரி நாளை யாராவது நினைத்துக்கொண்டால் அதன் கீழே ஒரு வரி எழுதுவார்கள். நான் மறந்தே போய்விட்டேன்.

விசா விண்ணப்பம் ஞாபகப்படுத்தியது. எந்தெந்தச் சமூக வலைத்தளத்தில் கணக்கு இருக்கிறது என்று கேட்கிறார்கள். எல்லாரும் பார்க்கிற மாதிரி அதைத் திறந்தும் வைக்க வேண்டுமாம். விண்ணப்பம் நிரப்ப உதவுகிற மதுரைக்காரர் போனில், “மேடம், உங்க பேர் எங்கெங்க வருதுன்னு ஒரு தடவ பாத்துருங்க. அந்த நாட்டப் பத்தி ஏதாவது இருந்தா எடுத்துருங்க. எதுக்கு வம்பு?” என்றார். மறுநாள் காலை போனில் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், என்னை எதற்கும் வற்புறுத்த மாட்டார். “அது காலேஜ் பேச்சுதானே? ஒண்ணும் ஆகாது. ஆனாலும் எடுத்துடச் சொல்லேன்” என்றார். அதற்குள் கயல் போனைப் பிடுங்கித் திரையில் முத்தம் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்தினேன். வீட்டுக்கு வருகிறவரிடம் நாலு கேள்வி கேட்பது வீட்டுக்காரர் உரிமை. அதில் என்ன ஏகாதிபத்தியம்? எதையும் அழிக்கச் சொல்லி அந்த விண்ணப்பத்தில் ஒரு வரி கிடையாது. பத்தொன்பது வயதுப் பெண் ஹாட்பாக்ஸுக்காகப் பேசியதை அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா? பார்க்க மாட்டார்கள். பார்த்தால்? தமிழ் புரியாது. புரிகிற ஒருவரை வைத்திருந்தால்? அழித்தால், ஏன் அழித்தாய் என்று கேட்டால்? மூன்றாம் நாள் கயலைக் கூட்டிக்கொண்டு பர்வீன் கடைக்குப் போனேன்.

பர்வீனை இதே விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கடையை இப்போது பாதி அவள்தான் பார்க்கிறாள். வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் கயல் வரிசையாகத் தும்மினாள்.

“வாங்க அமெரிக்கா அம்மா. சாப்பிட்டீகளா?” என்றாள் பர்வீன். நான் சுற்றி வளைத்தேன். மாமியார் சுகம், மழை, வத்தல் விலை எல்லாம் விசாரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன விசயம்னு சொல்லுடி. நீ வத்தல் விலை கேக்குற ஆளா?” என்றாள்.

சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து வந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்துத் தேடி அந்த வீடியோவை வைத்தாள். மூட்டை விழுகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கயல் எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நுழைத்து, “இது யாரு?” என்றாள். “ஒங்கம்மாதான். அப்பம்லாம் பேசுவா” என்றாள் பர்வீன். திரையில் நான் விரலைத் தூக்கினேன். அந்த வரி மட்டும், எப்படியோ, தெளிவாகக் கேட்டது.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“ஒன் பேச்ச மட்டும் எடுக்க முடியாதுடி. என் பேச்சும் சேந்து போகும்” என்றாள் பர்வீன். “அந்த அமெரிக்காவுக்காக இந்த ஊர்ல நான் ஒருத்திதான் பேசிருக்கேன். அதயும்ல அழிக்கச் சொல்ற.”

“வேண்டாம்னா விட்டுரு பர்வீன். நான் வேணா...”

“பிள்ள அப்பனப் பாக்கணும்ல” என்று சொல்லி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். உறுதியா என்று போன் கேட்டது. மறுபடி அழுத்தினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வத்தல் நெடியாகவும் இருக்கலாம். “அன்னைக்கு அந்த ஹாட்பாக்ஸ ஒனக்குக் குடுத்தது தப்புன்னு இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்டி. இல்ல. இன்னைக்கு நானே குடுக்கேன், வச்சுக்க. நீதான் ஜெயிச்ச.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். வீடு வரும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அது நடந்து ஒரு வாரம் ஆகிறது. இப்போது அந்த இடத்தைத் தேடினால், இந்தப் பதிவு கிடைக்கவில்லை என்று வருகிறது. அதன் கீழே எழுதிச் சிரித்தவர்கள், சண்டை போட்டவர்கள், மிஸ்ஸின் ‘வாழ்த்துகள் கண்மணிகளே’, பர்வீனின் மாமு, ஆமத்தூர் அக்காவின் சொல், எல்லாம் சேர்ந்து போய்விட்டது.

அட்டை போட்டு முடித்து நிமிர்ந்தால், கயல் முக்காலிமேல் ஏறி நிற்கிறாள். ஒரு கை இடுப்பில், மற்றக் கையில் விரல் ஒன்று மேலே. வத்தல் கடையில் பார்த்தது அப்படியே.

“அம்மா, நீ இப்பிடித்தான நின்ன? நின்னுட்டு என்ன சொன்ன?”

நாக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல் மாறாமல் இருந்தது. சன்னல் திறந்திருந்தது, அடுத்த அறையில் அத்தை படுத்திருந்தார், லேப்டாப் மூடித்தான் இருந்தது.

“ஒண்ணும் சொல்லலம்மா. கைய எறக்கு” என்றேன்.

அது பொய் என்று அவளுக்குக் காட்ட இப்போது எங்கேயும் எதுவும் இல்லை.