ஹார்மென் குறித்த தேதி

ஹார்மென் டெய்கெமா பிறந்ததிலிருந்து எதற்கும் தாமதமாகப் போனதில்லை. நெதர்லாந்தில், ட்ரென்தே பக்கத்துக் கால்வாய் ஒன்றில் பாலம் தூக்குவது அவர் வேலை. படகு வந்தால் மணியடித்து, சாலையை மறித்து, பாலத்தைத் தூக்குவார். படகு போனதும் இறக்குவார். அவர் அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் மாதா கோயில் கடிகாரத்தையே திருத்தினார்கள் என்று ஊரில் பேச்சு. பசுக்கள்கூட அந்தச் சத்தத்துக்குத்தான் பால் சுரந்தன என்று அவரே சேர்த்துக்கொள்வார். தன் கல்யாணத்துக்கு அவர் எவ்வளவு சீக்கிரம் போய் நின்றார் என்றால், முந்தைய கல்யாணத்து மாப்பிள்ளை என்று நினைத்துப் பாதிரியார் அவரை வேறொரு பெண் பக்கத்தில் நிறுத்திவிட்டாராம். அவருக்குப் பேசிய பெண் ஆல்ட்யே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்ததால் ஊர் தப்பித்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் சாவுக்கு மட்டும் காத்திருப்பாரா? அதற்கும் நேரம் குறித்துவிட்டார். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி.

காரணம் இல்லாமல் இல்லை. நுரையீரல் இரண்டும் ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி ஆகிவிட்டன. எங்கள் பக்கத்தில் மருந்துக்குக்கூட ஒரு மலை கிடையாது. ஆனாலும் நாற்காலியிலிருந்து கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஹார்மென் தினமும் ஒரு மலை ஏறி இறங்கினார். மூச்சு முட்டியே சாகப் பயந்து, டாக்டர் கையால் ஊசி போட்டு நோகாமல் சாக எங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வழியை டாக்டர் வியர்ஸ்மாவிடம் கேட்டார். அந்தம்மா பல மாதம் திரும்பத் திரும்ப விசாரித்தார். வெளியூரிலிருந்து இன்னொரு டாக்டர் வந்தும் விசாரித்தார். எல்லோரிடமும் ஹார்மென் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. வாய் சும்மா இருக்குமா? பேக்கரிக்காரரிடம், தபால்காரியிடம், எதிரே வந்த நாயிடம்கூட, "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்குக் கிளம்புறேன், லேட்டா வந்தா காபி கிடையாது" என்று சொல்லிவைத்தார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் ஒரு கோப்பையைக்கூடக் கழுவக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லாம். நாற்காலி, காபி, ரொட்டி, பெட்டி தூக்கும் ஆட்கள், கோயில் மணி, அத்தனையும் அவர் பொறுப்பு. வழக்கமாக இதெல்லாம் உயிர் போன பிறகு தொடங்கும். ஹார்மெனின் பக்கத்து வீட்டு பெரெண்டுக்கோ தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருப்பது அவர் குலத்துக்கே அவமானம் இல்லையா? ஹார்மெனின் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, தலைமாட்டை யார் தூக்குவது, கால்மாட்டுக்கு யார் உயரம் சரி என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சேன்னா என் இடுப்புக்கு நல்லதுப்பா" என்றார் பெரெண்டு.

ஹார்மென் சிரித்தார். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வினை. சீசனின் முதல் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு சந்தைக்கு வந்திருந்தது. ஆல்ட்யே அதை வேகவைத்து, உருக்கின வெண்ணெய் ஊற்றி, அவித்த முட்டையும் பன்றித்தொடை இறைச்சியும் வைத்துக் கொடுத்தாள். மாதக்கணக்காக எதைத் தின்றாலும் மண் மாதிரி இருந்த வாயில் திடீரென்று ருசி தெரிந்தது. மிச்ச வெண்ணெயை உருளைக்கிழங்கால் துடைத்துத் தின்றுவிட்டு, அடுத்த வாரமும் இதைச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் தேதி ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் அவர் இருக்க மாட்டார். இருக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டாக்டரும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வார்த்தையை ஊருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? மகன் ஜெல்மெர் கடையை மூடிவிட்டுக் கனடாவிலிருந்து விமானம் ஏறிவிட்டான். ஆல்ட்யே ஒரு குளம் நிறைய அழுது முடித்து இப்போதுதான் முகம் தெளிந்திருந்தாள். பள்ளிக்கூடத்து நாற்காலிகள் வண்டியில் வந்து இறங்கின. இறங்கிய ஒவ்வொரு நாற்காலியையும் ஹார்மென் எண்ணிக்கொண்டிருந்தார். நேரம் குறித்துவிட்டு வராமல் இருப்பவன் எங்கள் பக்கத்தில் திருடனைவிட மோசம்.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அஸ்பாரகஸ் ஜூன் கடைசிவரை கிடைக்குமில்லையா என்று ஆல்ட்யேயிடம் கேட்டார். தனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து அவள் இன்னொரு குளம் அழுதாள். ரொட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பெரெண்டிடம் கேட்டார். முடியாது, ஏன், சீஸ் வைத்தது பிடிக்காதா என்றார் பெரெண்டு.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையிலிருந்தே வீட்டில் சாவு வீட்டுக் காபி மணம். எல்லோரும் கருப்பு உடுத்தி, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வரிசையாக அறைக்குள் வந்து, ஹார்மெனின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். பெரெண்டு மட்டும் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தத் தொடுகை ஹார்மெனுக்கு அளவெடுக்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் பையோடு வந்தார். ஆல்ட்யேயையும் ஜெல்மெரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"ஹார்மென், கடைசியா ஒரு தடவை கேக்கணும். இன்னைக்கு இது உங்களுக்கு வேணுமா?"

ஹார்மென் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது.

"ஒண்ணு பண்றீங்களா டாக்டர்? ஏதோ காகிதம் குறையுதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

டாக்டர் பையைத் தரையில் தள்ளி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"பையன் கனடாவுல இருந்து வந்திருக்கான்."

"தெரியும்."

"பெரெண்டு ஊருக்கே ரொட்டி வாங்கி வெச்சிருக்கான்."

"ரொட்டி வீணாப் போகுதேன்னு நான் யாருக்கும் இதைச் செய்ய முடியாது, ஹார்மென்."

ஹார்மெனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து டாக்டரே தள்ளிக்கொண்டு போனார். சமையலறைக் கதவு திறந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்காலியில் ஹார்மென் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருடைய கரண்டியோ கீழே விழுந்தது.

"இன்னைக்கு வேணாம்" என்றார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

யாராவது சிரிப்பார்கள், ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஒருவரும் அசையவில்லை. ஆல்ட்யே குழாயடியில் முதுகைக் காட்டியபடி நின்றாள். ஜெல்மெர் வந்து மண்டியிட்டு, அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்தான். நிமிராமலே கேட்டான்.

"அப்ப எப்போ, அப்பா?"

கெட்ட மனசோடு கேட்கவில்லை. திரும்பிப் போக வேண்டியவன், கடையைப் பூட்டிவிட்டு வந்தவன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் சமையலறையில் இருந்த எல்லோரும் ஹார்மெனின் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டர்தான் சொன்னார். பெரெண்டு ஒரு ரொட்டியை எடுத்து ஹார்மென் முன்னால் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். இழவு விருந்தைப் பிணத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்ற ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கிளம்பும்போதுதான் சங்கடம். விடைபெறும் வார்த்தைகளையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டார்கள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

வீடு காலியானதும் இருமல் பிடித்தது. இதுவரை வந்ததிலேயே மோசமான இருமல். உதடு நீலமாகும்வரை இழுத்தது. ஆல்ட்யே முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒருவழியாக அடங்கியபோது அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"அடுத்த தடவை என்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள். "ஊருக்குச் சொல்லாத."

ஏதாவது கேலியாகச் சொல்லத்தான் ஹார்மென் வாயைத் திறந்தார். மூச்சு இல்லை. சரி என்று தலையை ஆட்டினார். அடுத்த தடவை ஒன்று உண்டு என்பதற்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டோம் என்று உறைத்தபோது, ஆல்ட்யே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபடி விளக்கைப் போட எழுந்திருந்தாள்.