பூட்டிய கடைக்கு வந்த ஆள்

லாக்டவுனில் மனசு கலங்காமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி இது. காலையில் குளித்து, கடைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, காபியோடு உட்கார்ந்து, இங்கே எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் பூட்டிக் கிடக்கும் என் பாத்திரக் கடையைப் போனில், கேமரா வழியாகப் பார்ப்பேன். அங்கே ஈ, காக்கா இருக்காது. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்த திருப்தி வந்துவிடும்.

இன்று பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது.

ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கதவுதான். ஆனால் சுவிட்சை அணைத்துப் பூட்டியது நானே.

யாரும் இல்லை. கதவு மூடவும் இல்லை, நடுவில் ஆள் நிற்பதுபோல.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது சேவியர் அங்கிள் வர்ற டைம்தானே?"

கடை திறந்திருந்த நாட்களில் அவர்தான் தினமும் முதல் ஆளாக வந்து கிரைண்டர் விலை கேட்பார். "இன்னைக்கும் கொறைக்க மாட்டியாப்பா?" என்று சீண்டிவிட்டு, வாங்காமலே போவார். போன வாரம் கோவிட்டோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்று வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள்.

"பேசுங்க. கேமராலதான் ஸ்பீக்கர் இருக்குல்ல?" என்றாள், கிசுகிசுப்பாக.

போனில் பேசும் பட்டனை அழுத்தினேன். "அங்கிள், கடை லீவு. நீங்க கேட்ட வெலைக்கே தர்றேன், சத்தியமா. மொதல்ல ஒடம்பு தேறி வீட்டுக்கு வாங்க."

கதவு மெல்ல மூடிக்கொண்டது.

"சென்சார் கோளாறு" என்றேன். "ம்" என்றாள். அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

அவர் மகனுக்குப் போன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. எடிசன் நண்பர்கள் யாராவது விசாரியுங்கள். நல்ல சேதி என்றால் மட்டும் கமெண்ட் போடுங்கள். கிரைண்டரை எடுத்துத் தனியாக வைக்கிறேன்.